நாலாவது ரிம்

வின்சன்ட்டின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுவாரமே, அவருடைய ஹயர் வேன் நின்ற கொட்டகையில் மகள் ஜெஸ்மின் கொம்ப்ரஷரைப் பூட்டினாள். வேனை விற்றாயிற்று. அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. வீடு கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, ரோட்டோரம். வாசலில் பலகை தொங்கியது: கார் பெயின்ட், அலோய் வீல் திருத்தம்.

ஜெஸ்மினுக்கு முப்பத்துநாலு வயது. டெக்னிக்கல் கொலேஜில் படித்து, தொழிற்சாலையொன்றில் வார்ப்பு உதிரிப்பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் பதினொரு வருடம் இருந்தவள். வெடிப்புத் தேடத் தெரியும். பெயின்ட் அடிக்கத் தெரியாது. பழைய வீல் ரிம் ஒன்றில் பழகினாள். முதல் நாள் மழை ஈரத்தில் லெக்கர் பூச்சு அடித்தாள். பால் கொட்டியதுபோல் வெளுத்தது. சுரண்டினாள். மறுபடி அடித்தாள், வழிந்தது. மறுபடி சுரண்டினாள்.

"கொஞ்சம் ஒக்காந்து சாப்பிடு புள்ள," என்று தாய் கிறேஸ் தட்டோடு நின்றார். "அந்த ரிம் தேஞ்சு தேஞ்சு மோதிரமாத்தான் ஆகப்போகுது."

"மோதிரமானா உங்களுக்குத்தாம்மா போட்டுவிடுவேன்."

சாப்பாடு ஆறியது.

மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, முதல் ஆள் வந்தார். அலவத்துகொட ஊர்க்காரர் நஸீம். ஆறு கார் வைத்து ஹயருக்கு விடுபவர். கொண்டுவந்த வெள்ளைக் காரின் நான்கு ரிம்மும் நடைபாதைக் கல்லில் உரசிக் காயப்பட்டிருந்தன.

"ஞாயித்துக்கெழம கலியாணக் கார், மகள். நாலும் மின்னணும். இது சரிவந்தா மத்த அஞ்சும் இங்கதான் வரும்."

சனி மத்தியானம் அவர் திரும்பி வந்தபோது மூன்று ரிம் மின்னின. நாலாவதை ஜெஸ்மின் மேசையில் வைத்திருந்தாள். உட்பக்கம் மண்ணெண்ணெய் தடவி, வெளிப்பக்கம் சோக்குக்கட்டித் தூள் பூசியிருந்தாள். வெள்ளைத் தூளில் ஈரமான கோடு ஒன்று ஊறி ஓடியது.

"எண்ணெய் இந்தப் பக்கம் வந்திருக்கு நானா. முழுசா வெடிச்சிருக்கு. பெயின்ட் அடிக்க மாட்டேன்."

"முடி மாதிரி ஒரு கோடு. ஒண்டுமில்ல. பட்டி வெச்சு மூடி அடிங்க, ஆருக்குத் தெரியும்?"

ஒன்றுமில்லை. வின்சன்ட்டும் இரண்டு வாரம் நெஞ்சைத் தடவிக்கொண்டு அதைத்தான் சொன்னார். வெறும் வாய்வு என்றார். ஜெஸ்மின் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி வாசலை அவர் உயிரோடு தாண்டவில்லை.

"எனக்குத் தெரியுமே நானா," என்றாள்.

"லுஹர் தொழுதுட்டு வாறேன். அதுக்குள்ள அடிச்சு வைங்க. இல்லாட்டி அந்த அஞ்சு காரையும் மறந்துடுங்க." நஸீம் பள்ளிவாசல் பக்கம் நடந்தார்.

ஜெஸ்மின் கொட்டகைக்குள் நாலு தடவை போய் வந்தாள். ஸ்ப்ரே கன்னை எடுத்தாள், வைத்தாள். பிறகு டிக்கியைத் திறந்து ஸ்பெயார் வீலை இறக்கினாள். இரும்பு ரிம், கறுப்பு நிறம். காரின் வலது பின்பக்கம் அதைப் பூட்டி நட்டுகளை இறுக்கினாள். மறுபடி ஒருதரம் இறுக்கினாள்.

நஸீம் வந்து பார்த்தார்.

"என்ன இது? மாப்பிள்ளைக்கு ஒரு கால்ல சப்பாத்து, மத்தக் கால்ல செருப்பா?"

"செருப்புன்னாலும் பிஞ்சு போகாது நானா."

"வாய் மட்டும் நல்லா ஈக்கி. ரோட்டு நெடுக பெயின்ட் பாஸ்மார் ஈக்காங்க. அரை மணித்தியாலத்துல அடிச்சுத் தருவாங்க."

வெடித்த ரிம்மை டிக்கிக்குள் எறிந்தார். அது அவருடைய பொருள், ஜெஸ்மின் தடுக்கவில்லை. சோக்குக் கோட்டை மட்டும் துடைக்காமல் விட்டிருந்தாள். நஸீம் மூன்றுக்கும் உரிய காசைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பாராமல் காரை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பிய கிறேஸ் கூப்பிட்டும் அவள் போகவில்லை. அலவத்துகொடவிலிருந்து கண்டிக்குப் போகும் கார் பாலத்தில் ஏறித்தான் ஆகவேண்டும். எட்டு மணியிலிருந்து பாலத்து நடைபாதையில் அங்குமிங்கும் நடந்தாள். பத்தரைக்கு நெரிசலில் ஊர்ந்து வந்தது வெள்ளைக் கார், முகப்பில் ரிப்பன். பின் சீட்டில் மணப்பெண்ணும், மடியில் குழந்தையோடு இன்னொரு பெண்ணும். இந்தப் பக்கத்து இரண்டு ரிம்மும் மின்னின. அந்தப் பக்கம் தெரியவில்லை.

இரண்டு பஸ்களுக்கிடையே புகுந்து மறுபக்கம் ஓடினாள்.

வலது பின் வீல் கறுப்பு.

ஓட்டிக்கொண்டிருந்த நஸீம் கண்ணாடியை இறக்கினார்.

"கறுப்பு வீல் எண்டு ராவு முழுக்க உம்மா ஏசினா, நான் மாத்தல்ல. பொண்ணு என்ட தங்கச்சிட மகள். போட்டோக்காரன்ட்ட செல்லியாச்சு, எல்லாம் இடப்பக்கந்தான் எடுக்கணும் எண்டு. ஓரத்துக்குப் போங்க மகள், பஸ் அடிக்கப் போகுது."