பொம்மை பிடிக்கும் அண்ணி

கொடியிலிருந்து எடுத்து வந்த துண்டுகளை ஓரத்துக்கு ஓரம் பொருத்தி மடித்துக்கொண்டே அண்ணி கணினித் திரையைப் பார்க்கிறார். திரையில் ஒரு காடு. விறகுவெட்டி ஒருவன் மரத்தை நோக்கி நடக்கிறான். அண்ணி ஏவிவிட்ட ஆள், கந்தல் சட்டை போட்ட ஒரு புதுமுகம், அவனுக்குக் குறுக்கே போய் நிற்கிறது. விறகுவெட்டி வந்து முட்டுகிறான். விலகவில்லை, சுற்றிக்கொண்டும் போகவில்லை. மறுபடியும் முட்டுகிறான்.

"பாத்தீங்களா தம்பி? மனுஷனா இருந்தா இந்நேரம் நம்மள ஒரு வழி பண்ணியிருப்பான்" என்கிறார் அண்ணி. துண்டை அடுக்கின் மேல் வைத்து, மூலையை நேராக்கிவிட்டு, ஒரு பொத்தானை அமுக்குகிறார். விறகுவெட்டி காட்டிலிருந்து மறைந்துபோகிறான்.

என் அண்ணன் மனைவிக்கு இதுதான் உத்தியோகம். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் இணையத்தில் ஒன்றுசேர்ந்து ஆடும் விளையாட்டு அது. அதில் ஒரு நகரம், நகரத்துக்கு ஒரு சந்தை. மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், எதையாவது செய்து விற்கலாம், விற்ற காசில் வீடு கட்டலாம். ஆனால் சில பேர் தாங்கள் ஆடுவதில்லை. தங்களுக்குப் பதிலாக ஆட ஒரு கணினி நிரலை முடுக்கிவிட்டுக் கவிழ்ந்தடித்துத் தூங்கப் போய்விடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் அதை பாட் என்கிறார்கள், அண்ணி பொம்மை என்கிறார். பொம்மைகளைப் பிடித்து வெளியேற்ற விளையாட்டு நிறுவனம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஆட்களை வைத்திருக்கிறது. அவர்களில் இவரும் ஒருவர்.

அம்மாவுக்கு இதை வேலை என்று ஒப்புக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை. யாராவது விசாரித்தால், "மருமக கம்ப்யூட்டர்ல இருக்கா" என்பாள், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்கிற குரலில். என்னிடம் தனியாக, "நாள் பூரா விளையாடுறதுக்குச் சம்பளம் குடுக்குற புண்ணியவான் யாருடா? எனக்கும் சொல்லி வையேன்" என்று கேட்டிருக்கிறாள்.

பொம்மை ஒரு ஓரமாக மரம் வெட்டிவிட்டுப் போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு நாள் அண்ணியிடம் கேட்டேன். மடிப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்குத் தூக்கம் கிடையாது, சலிப்பு கிடையாது. அடிமாட்டு விலைக்கு வித்தாலும் வலிக்காது. மெனக்கெட்டு நாலு மரம் வெட்டிட்டு வந்து சந்தையில நிக்கிறானே, அவன் கட்டையை யாரு வாங்குவா? கொஞ்ச நாள் பாப்பான், போயிடுவான். அப்புறம் பொம்மை வெட்டும், பொம்மை வாங்கும். நாம எதுக்கு அங்க?"

மறுபக்கத்தையும் அவரே சொன்னார். ஒரு தடவை பொம்மைகளை மொத்தமாகத் துடைத்தபோது மரத்தின் விலை தாறுமாறாக ஏறிவிட்டதாம். ஒரு குடிசை போடக்கூட வழியில்லாமல் புதிதாகச் சேர்ந்தவர்கள் நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தார்களாம். "அவங்க கோவமும் நியாயந்தான். ஆனா ஏறுன விலை, ஆளுங்க வெட்ட ஆரம்பிச்சா இறங்கிடும். போன ஆளு திரும்பி வரமாட்டான் தம்பி" என்றார்.

வேலை முடிந்ததும் எழுந்துபோய் முகம் கழுவி, தலைவாரி, சட்டென்று வேறொரு ஆளாகி அதே நாற்காலிக்கு வருவார். அதே விளையாட்டுதான், ஆனால் இப்போது சொந்தக் கணக்கு. சந்தை மூலையில் அவருக்கு ஒரு விளக்குக் கடை இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே தொடங்கியது. கண்ணாடியும் எண்ணெயும் வாங்கி, விளக்கு செய்து விற்கிறார். சின்னது முன்னால், பெரியது பின்னால், நூல் பிடித்தாற்போல் வரிசை. அண்ணன் தேநீரைக் கொண்டுவந்து வைத்து, "முதலாளியம்மா, வியாபாரம் எப்படி?" என்பான். "கடையை மறைக்காம தள்ளி நில்லுங்க" என்று பதில் வரும். நாளெல்லாம் இறுக்கமாக இருக்கும் முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகும்.

போன மாதம் நிறுவனம் பொம்மைகளைப் பிடிக்கவே ஒரு புதிய நிரலைக் கொண்டுவந்தது. பழக்கத்தை வைத்தே அது ஆளை எடை போட்டுவிடுமாம். கண்வலி மிச்சம் என்று அண்ணி அதை வரவேற்றார். வந்த சூட்டோடு அது அண்ணியின் விளக்குக் கடையை மூடிவிட்டது. தினமும் அதே நேரம், அதே வரிசை, அதே விலை, ஒரு பிசகு கிடையாது. ஆகவே இது பொம்மை என்பது அதன் முடிவு. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு சத்தமில்லாமல் சமையலறைக்குள் போய்விட்டான்.

முறையீடு செய்யலாம், அதை விசாரிப்பதும் பொம்மை பிடிக்கிற ஆட்கள்தான். அது தள்ளுபடியானால் கடையை இடித்துவிடுவார்கள், திரும்பக் கிடைக்காது. அண்ணி மற்றவர்களைப் போலவே முறையீடு அனுப்பினார். அது சுற்றிச் சுழன்று அவருடைய வேலை மேசைக்கே வந்து சேர்ந்தது.

"நீங்களே கடையைத் திறந்து விட்டுடுங்க அண்ணி, யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"என் வழக்கை நானே பாத்தேன்னா, அப்புறம் வேற யாரு வழக்கையும் நான் தொடக் கூடாது" என்று சொல்லி, அதை ஒரு சக ஊழியருக்குத் தள்ளிவிட்டார். இருவரும் நேரில் பார்த்ததில்லை, தொலைபேசிக் குரல்தான் பழக்கம்.

அன்று மாலையும் முகம் கழுவி, தலைவாரி, மூடிக் கிடந்த கடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். "இத்தனை வருஷமா ஒழுங்கா கடை நடத்துனதுதான் தப்பா? இடிச்சுட்டாங்கன்னா மறுபடி கட்ட எனக்குத் தெம்பு இல்ல தம்பி" என்றார். எனக்கு அந்த நிரலின் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திட்டினால் உறைக்காத ஒன்றை என்ன செய்வது?

மறுநாள் அந்த ஊழியர் கூப்பிட்டார். "அக்கா, கடையைத் திறந்து விட்டுட்டேன். பழைய பேச்சுப் பதிவை எல்லாம் பாத்தேன். விளக்குல குத்தம் சொன்ன ஒருத்தனுக்கு ஒரு பக்கம் பதில் எழுதியிருக்கீங்க, அது போதும்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா அந்த மிஷினை மாத்துறது என் கையில இல்லக்கா. இப்படியே ஆடுனீங்கன்னா மறுபடியும் புடிக்கும். அடுத்த தடவை நேரா மேலிடத்துக்குப் போயிடும், என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கொஞ்சம் முன்னப்பின்ன ஆடுங்க. கன்னாபின்னான்னு அடுக்குங்க."

"சரிப்பா" என்றார் அண்ணி.

அன்று கடையைத் தாமதமாகத் திறந்தார். பெரிய விளக்கு ஒன்றை முன்னால் வைத்தார், சின்னதை அதன் பின்னால் ஒளித்தார். நடுவரிசையில் ஒன்றை நகர்த்திக் கோணலாக விட்டார். வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கினார்கள். அண்ணியின் கண் அந்தக் கோணல் விளக்கை விட்டு அகலவில்லை. வலது கை தானாக மவுஸை நோக்கிப் போனது. அதை இழுத்துத் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.