பெட்டி ஒன்றும் சொல்லவில்லை

கடலில் இருக்கும் படகுகளைக் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசவைத்து, அந்தப் பேச்சைக் கரையில் இணையத்தோடு இணைப்பது எப்படி என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. மூன்று வருடம் கணினித் திரையிலேயே படகு ஓட்டினேன். ஒரு சேதிகூடத் தொலைந்ததில்லை. நிஜக் கடலில் ஒருமுறை செய்து காட்டினால் முடித்துவிடலாம் என்றார் என் வழிகாட்டி. அதனால் போன பிப்ரவரியில் கிளம்பினேன். இதே வேலையாகக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். வெற்றிக் கதை வேண்டுவோர் வேறு பதிவு பார்த்துக்கொள்ளலாம்.

திருச்சியில் காலை 5.40க்குப் பேருந்து. புதுக்கோட்டை 7.15, அறந்தாங்கி 8.40. அங்கே டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டுவிட்டு கோட்டைப்பட்டினம் வண்டி பிடித்தேன். மொத்தம் சுமார் 125 கிலோமீட்டர், டிக்கெட் 110 ரூபாய். கடைசி நான்கு கிலோமீட்டருக்கு ஆட்டோ, 150. ஊர் பெயரைச் சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது, அவர்களுக்கு எதற்குக் கெட்ட பெயர்? என் பெட்டிகளைப் பார்த்த ஆட்டோக்காரர் என்ன விற்கிறேன் என்று கேட்டார். எதுவும் விற்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. அவர்தான் சரி.

காதர் பாய் நாட்டுப்படகு வைத்திருப்பவர். அவர் சொன்னதால் மற்ற நாலு படகுக்காரர்களும் என் பெட்டியைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஒரு படகின் சேதி பக்கத்துப் படகின் பெட்டிக்குத் தாவும்; செல்போன் டவர் எட்டும் தூரத்தில் இருக்கும் படகு அதைக் கரைக்குத் தள்ளும். அந்தப் படகை நாங்கள் 'வாசல்' என்போம். இந்தத் துறையின் தலைவலி முழுவதும் அங்கேதான். வாசலே நகர்ந்துகொண்டிருந்தால்? வாசல் மாறும்போது பாதி வழியில் இருக்கும் சேதி எங்கே போகும்? இடம் மாறிக்கொண்டே இருக்கும் படகை இணையம் எந்த முகவரியில் தேடும்? எல்லாவற்றுக்கும் என் ஆய்வேட்டில் பதில் இருக்கிறது.

பெட்டியில் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. என்ஜின் நின்றால் அழுத்த வேண்டும். வீட்டுப் போனுக்குச் சேதி போகும். அந்த ஊரில் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்வதற்குள் படகு திரும்பாவிட்டால் வீட்டுப் பெண் கரைக்குப் போய்ச் சொல்வாள். யாரும் கேள்வி கேட்காமல் ஒரு படகை எடுத்துக்கொண்டு தேடப் போவார்கள். பாயின் மனைவி ஜொஹரா அக்கா அதைத்தான் கேட்டார்.

"பெட்டி சொல்லிரும்னா நான் கரைக்கு ஓட வேண்டாமா தம்பி?"

"வேண்டாம்க்கா. ஏதாச்சும்னா போன் அடிக்கும்."

அன்று மாலை டீக்கடையில் மடிக்கணினியைத் திறந்து ஐந்து புள்ளிகளைக் காட்டினேன். யார் எங்கே வலை போடுகிறார்கள் என்று இதில் தெரியுமா என்று ஒருவர் கேட்டார். அச்சுப் பிசகாமல் தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன். எல்லாரும் அமைதியானார்கள். வியப்பு என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

மறுநாள் அதிகாலை நாலு மணிக்குப் படகுகள் போயின. ஆறரைக்குள் நாலு புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன, பிறகு பாயுடையதும். நிரலில் கோளாறு என்று மதியம் வரை அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். பாங்கு சொன்னது காதில் விழுந்தது. நான் தலை நிமிரவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு படகு பாயின் படகைக் கட்டி இழுத்து வந்தது. என்ஜின் நின்றது 10.20க்கு. அவர் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். தண்ணீர் தீர்ந்து, உதடு வெடித்து, சட்டையைக் கழற்றி ஆட்டியபடி மிதந்திருக்கிறார். மற்ற நாலு பேரும் மறைக்காமல் சொன்னார்கள்.

"நண்டு நல்லாக் கெடந்துச்சு தம்பி. ஒங்க பெட்டி எடத்தக் காட்டிக் குடுத்துரும்ல. அணைச்சுட்டோம்."

நண்டு கிடக்கும் இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கே சொல்லாதவர்கள் அவர்கள். அந்த நாலும் அணைந்ததால் பாயின் சேதி தாவ இடமில்லாமல் அவர் பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டிக்கு உழைக்கும் என்று என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். யாரைக் கேட்டு எழுதினேன்? என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஜொஹரா அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"பெட்டி ஒண்ணும் சொல்லலையே தம்பி. அதான் வீட்டுலயே இருந்துட்டேன்."

5.50க்குப் பாய் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் அடித்தது. கரைக்கு வந்தபின் யாரோ பாயின் பெட்டியை அணைத்துப் போட்டிருக்கிறார்கள்; அதில் தேங்கிய சேதி அப்போதுதான் கிளம்பியிருக்கிறது. 'என்ஜின் நின்றுவிட்டது. உதவி தேவை.' பாய் வாங்கிப் படித்தார். "வந்து சேந்துட்டேன்னு பதில் போடு" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைத் தொடர்ந்தார்.

போகிறவர்களுக்கு: தங்க இடம் அறந்தாங்கியில்தான், அறை 700 ரூபாய். கடைசிப் பேருந்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் இரண்டே நாளில் துருப்பிடிக்கும். திரையை டீக்கடையில் திறக்காதீர்கள். சேதி வராவிட்டால் எல்லாம் நலம் என்று அர்த்தமில்லை என்பதைப் பொத்தானைக் காட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள். கரைக்கு ஓடுகிறவர்களை ஓட விடுங்கள்.

ஏழரை மணி நேரம் தாமதமானாலும் அந்தச் சேதி தொலையவில்லை, ஆகவே சேர்ந்ததாகத்தான் கணக்கு என்றார் வழிகாட்டி. அட்டவணையில் அப்படியே போட்டுவிட்டேன். பட்டம் அடுத்த மாதம்.