காக்கைக்கு வைத்த கடற்கரைச் சோறு

கள்ளக்குறிச்சி வட்டாட்சியர் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவன் நான். இப்போது மனைவியோடு ஆஸ்திரேலியாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். வாரயிறுதிகளில் அவன் எங்களைக் கங்காரு பார்க்கவும் கடற்கரைக்கும் அழைத்துப்போவான். ஒரு சனிக்கிழமை, மணலில் புளிச்சோற்றைப் பிரித்ததும், "காக்காவுக்கு வெக்காம எப்பிடிங்க துன்றது?" என்றாள் மனைவி. பறவைகளுக்கு உணவிடாதீர் என்ற பலகையை முழுதாகப் படித்திருந்த நான், "காக்கா பறவையில சேராது, அது முன்னோர்" என்று தீர்ப்பளித்தேன்.

ஒரு பிடி வைத்ததுதான் தாமதம், கடற்பறவைக் கூட்டமே எங்கள்மேல் இறங்கியது. மூன்று வயதுப் பேத்தி அலறியபடி கடலுக்குள் ஓடினாள். அலை அவளைச் சாய்ப்பதற்குள் மகன் பாய்ந்து தூக்கிவிட்டான். "இன்னாப்பா, உங்க முன்னோருக்கு எம் பொண்ணுதான் கெடைச்சாளா?" என்றான் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டே.

இப்போது காக்கைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறோம். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிடுகிறோம். பலகைகளை மகன் படிக்கிறான். நான் பேத்தியின் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.