பேச்சியக்கா சொன்ன ஃபவுல்

கைபேசியில் பேச்சியக்காவின் தம்பி சண்முகையாவின் பெயர் வந்ததும் நான் எடுக்கவில்லை. கயத்தாறு பேருந்து நிறுத்தத்தில் காய்கறிப் பையோடு நின்றிருந்தேன். சில வாரங்களாகவே அந்தப் பெயர் அடிக்கடி வரும். நானும் உடனே எடுத்துவிடுவேன். அக்கா ரெண்டு இட்லி சாப்பிட்டாள், டயாலிசிஸ் முடிந்தது என்று அவர் ஏதாவது சொல்லுவார். அன்றைக்குக் கை போகவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

"டீச்சர், அக்கா போயிட்டாவ" என்றார்.

திருநெல்வேலிப் பக்கம் போகிற லாரி ஒன்று என் அருகே நின்று உறுமிக்கொண்டிருந்தது. அது நகர்ந்த பிறகுதான் மறுமுனையில் அவர் அழுவது கேட்டது.

பேச்சியம்மாள் டீச்சரைக் கோவில்பட்டியில் ஹாக்கி மைதானத்துப் பக்கம் போன எல்லாருக்கும் தெரியும். பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, ஹாக்கி நடுவர். சொந்த ஊர் எப்போதும்வென்றான். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி வெளியூர்க்காரர்கள் கேலி செய்தால், "ஊருக்குத்தான் அந்தப் பேரு. நான் யாரு ஜெயிச்சாலும் வீட்டுக்கு வந்துருவேன்" என்பார். அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதைப் பற்றி உங்களில் பலரும் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வீடியோவைக்கூடப் பார்த்திருப்பீர்கள். உடன் இருந்தவள் நான் என்பதால் எழுதுகிறேன்.

மேசைமேல் பந்துகளைக் குச்சியால் குழியில் தள்ளும் பூல் ஆட்டத்துக்குப் பெண் நடுவர்கள் வேண்டும், ஹாக்கி நடுவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று மாநிலச் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அக்கா தன் பெயரோடு, அவரைப் போலவே ஹாக்கி நடுவராக இருந்த என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்து தகவல் சொன்னார். அதுவரை பூல் மேசையை நாங்கள் சினிமாவில் வில்லன் வீட்டில்தான் பார்த்திருந்தோம். சென்னையில் பயிற்சி, தேர்வு, பிறகு மாநிலப் போட்டிகள், தேசியப் போட்டிகள். சில வருஷங்களில் ஆசியப் போட்டிகளுக்கும் எங்களை அழைத்தார்கள். அக்கா மேசையருகே நிற்பார். நான் பெரும்பாலும் புள்ளிப் பலகையில் இருப்பேன்.

அங்கே போன பிறகுதான் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் தைவான்காரர்களுக்கும் நடுவில் இருக்கிற பகையைப் பார்த்தோம். கோவில்பட்டியில் ஹாக்கி எப்படியோ அப்படி மணிலாவில் பூல். சந்துக்குச் சந்து மேசை, மழைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். சிரித்துக்கொண்டே, யாரும் நினைக்காத கோணத்தில் பந்தை அனுப்புவார்கள். தைவான்காரர்கள் சிறு வயதிலேயே பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து, ஒரே அடியை நாள் முழுக்க அடித்துப் பழகியவர்கள். முகத்தில் ஒன்றும் தெரியாது. எங்களிடமிருந்து கற்றுக்கொண்டு எங்களையே அடிக்கிறார்கள் என்பது மணிலா ரசிகர்களின் மனத்தாங்கல். அவர்கள் ஜெயித்தால் மந்திரம் என்கிறீர்கள், நாங்கள் ஜெயித்தால் இயந்திரம் என்கிறீர்கள் என்பது தைவான் ரசிகர்களுடையது. இந்த இரண்டு நாட்டாரும் மோதுகிற ஆட்டத்துக்கு நிற்க எந்த நடுவரும் ஆசைப்படமாட்டார். அக்காவுக்கு அப்படிப்பட்ட நாளில் காலையிலிருந்தே சோறு இறங்காது. "வயித்துக்குள்ள கோழி கெளறுத மாரி இருக்குட்டி வசந்தா" என்பார்.

வீடியோவில் வந்த ஆட்டம், மணிலாவில் ஒரு மத்தியானம் நடந்த அரையிறுதி. ஆடிய மணிலாக்காரரும் தைவான்காரரும் இன்னும் ஆடிக்கொண்டிருப்பதால் பெயர்கள் வேண்டாம். இரண்டு பேரும் சமமாக வந்து கடைசிச் சுற்றில் நின்றார்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது. மணிலாக்காரர் ஒவ்வொரு பந்தைக் குழியில் போடும்போதும் கூரை அதிர்ந்தது. குச்சியால் அடிக்கிற வெள்ளைப் பந்தும் அது போய் மோத வேண்டிய பந்தும் ஒட்டாமல், ஆனால் ஒரு விரல் நுழைய இடமில்லாமல் நின்றன. வெள்ளைப் பந்தைக் குச்சி ஒரு தடவைதான் தொடலாம். இவ்வளவு நெருக்கத்தில் நேராக அடித்தால், மோதி நின்ற வெள்ளைப் பந்தில் குச்சி மறுபடி பட்டுவிடும். பட்டால் ஃபவுல், எதிராளி வெள்ளைப் பந்தை இஷ்டப்பட்ட இடத்தில் வைத்து ஆடலாம். கடைசிச் சுற்றில் அது ஆட்டத்தையே கொடுத்த மாதிரி.

அக்கா குனிந்து, மேசை விளிம்புக்குக் கண்ணைக் கொண்டுபோனார். மணிலாக்காரர் அடித்தார். பந்து குழியில் விழுந்தது. கூட்டம் எழுந்துவிட்டது. அந்த ஆரவாரத்துக்குள் அக்கா நிமிர்ந்து, கையைத் தூக்கி, "ஃபவுல்" என்றார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் வந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. மணிலாக்காரர் வாக்குவாதம் செய்யவில்லை. அக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். தைவான்காரர் வெள்ளைப் பந்தை எடுத்து வைத்து, மீதமிருந்ததையெல்லாம் போட்டு முடித்தார்.

எங்களைப் பின்பக்கம் நாற்காலிகள் அடுக்கியிருந்த ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். வெளியே கூட்டம் கலையட்டும் என்றார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன். கதவைத் தட்டியது தைவான்காரர். இரண்டு கையாலும் அக்காவுக்கு வணக்கம் சொல்லி, நன்றி என்றார். அக்கா முகம் வெளுத்துவிட்டது.

"நன்றி சொல்லக் கூடாதுன்னு சொல்லு வசந்தா. நான் அவருக்காவச் சொல்லல. வெளிய யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாவ?" என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் குழம்பிப்போய் மறுபடி வணங்கிவிட்டுப் போனார்.

நாங்கள் ஊர் வந்து சேருவதற்குள் வீடியோ வந்துவிட்டது. பார்வையாளர் யாரோ எடுத்ததை வேகம் குறைத்து, பந்துகளைப் பெரிதாக்கி, பாட்டுச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். குச்சி ஒரே முறைதான் படுவதுபோல் இருந்தது. அக்கா முடிவு சொன்னது கண்ணால் மட்டும் இல்லை. 'டக்' என்பதற்குப் பின்னால் இன்னொரு சின்ன 'டக்' அவருக்குக் கேட்டிருந்தது. வீடியோவில் அந்த இடத்தில் பாட்டுத்தான் கேட்டது. பள்ளிப் பெற்றோர் வாட்ஸப் குழுவில்கூட "இது நம்ம டீச்சர்தானா?" என்று யாரோ போட்டார்கள். புரியாத மொழியில் வசவுகள் வந்தன. அக்கா அவற்றை மொழிபெயர்த்துப் பார்த்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

போட்டி நடத்திய சங்கத்திலிருந்து, முடிவை ஒரு குழு ஆராய்கிறது, அதுவரை காத்திருக்கவும் என்று தகவல் வந்தது. புரட்டாசி விதைப்பு முடிந்திருந்த நேரம். தம்பி சண்முகையா கரிசல் காட்டில் உளுந்தையும் பாசிப்பயறையும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும்வென்றான் வீட்டுக்கு நான் போனால் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். மழை வருமா என்று அக்கா கேட்கமாட்டார், பதில் வந்ததா என்று தம்பி கேட்கமாட்டார்.

ஒரு சாயங்காலம் அக்கா என்னை பஸ் ஏறி வரச் சொன்னார். கோவில்பட்டி மெயின் ரோட்டில் மாடியில் ஒரு பூல் கூடம் இருக்கிறது. அங்கே ஒரு மேசையில், மணிலாவில் நின்ற மாதிரியே இரண்டு பந்தையும் வைத்தார். குச்சியை என்னிடம் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடிக்கொண்டார். "நீ அடி. ஒரு சத்தமா, ரெண்டு சத்தமான்னு நான் சொல்லுதேன்."

அடித்தேன். சொன்னார், சரி. மறுபடி அடித்தேன், சரி. பிறகு ஒரு தடவை, குச்சி இரண்டாவது முறை பட்டது என் கைக்கே தெரிந்தது. அக்கா "ஒண்ணு" என்றார். நான் குச்சியைக் கீழே இறக்கினேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"இங்கன ஃபேன் சத்தம் கெடக்கு அக்கா" என்றேன்.

"அங்கன அவ்வளவு பேரும் கத்துனாவளே வசந்தா" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகும் என்னை அடிக்கச் சொன்னார். கூடத்துக்காரர் விளக்கை அணைக்க வந்த பிறகுதான் இறங்கினோம்.

முடிவு வந்தது. தவறு என்று நிறுவ முடியவில்லை, நடுவரின் தீர்ப்பு நிற்கும் என்றார்கள். நான் சந்தோஷப்பட்டேன். அக்கா, "சரின்னு சொல்லலியே" என்றார்.

அடுத்த வருஷம் தைவானில் போட்டி. அழைப்பு வந்தபோது உடம்பு சரியில்லை என்று எழுதிவிடப் போனார். சண்முகையா எப்போதும்வென்றானிலிருந்து இதற்காகவே வந்து, "போகலன்னா தப்புன்னு நீயே ஒத்துக்கிட்ட மாரி ஆயிரும்க்கா" என்றார். அக்கா, "போயி மறுபடியும் அப்படி ஒண்ணு வந்தா?" என்று கேட்டார். ஆனாலும் அவர் பெட்டியைக் கட்டினார்.

வந்தது. அதே இரண்டு பேர், இறுதி ஆட்டம். இந்த நடுவர் வேண்டாம் என்று சொல்ல இரண்டு தரப்புக்கும் உரிமை உண்டு, யாரும் சொல்லவில்லை. யாராவது சொல்லிவிடமாட்டார்களா என்று அக்கா வேண்டிக்கொண்டது எனக்குத் தெரியும். மணிலா அரங்கம் கூச்சலால் பயமுறுத்தியது என்றால் தைவான் அரங்கம் அமைதியால் பயமுறுத்தியது. யாரோ இருமினால் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஆட்டம் முடிகிற கட்டத்தில் மணிலாக்காரருக்கு மறுபடி அதே நெருக்கத்தில் பந்து நின்றது. அவர் குனிந்தவர் நிமிர்ந்து, அக்காவைப் பார்த்து, கிட்டே வந்து கவனியுங்கள் என்று கையைக் காட்டினார். அது வழக்கம்தான், யார் வேண்டுமானாலும் அப்படிக் கேட்கலாம். ஆனால் அரங்கத்தில் ஒரு மூச்சு உள்ளே போனது. அக்கா நடந்து போனார். முதுகுக்குப் பின்னால் இடது கை வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. பலகை அருகிலிருந்து எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

இந்த முறை மணிலாக்காரர் குச்சியைச் சாய்த்து, பக்கவாட்டில் வெட்டி அடித்தார். பந்து விழவில்லை, ஓரத்தில் போய் நின்றது. தைவான் பயிற்சியாளர் எழுந்து, ஃபவுல், ஃபவுல் என்றார். அக்கா சற்று நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு நிமிர்ந்து, ஃபவுல் இல்லை என்று கையைக் காட்டி, "குட் ஷாட்" என்றார். குரல் மெலிந்திருந்தாலும் பின்வரிசை வரை கேட்டது. பயிற்சியாளர் மேலும் பேசப் போக, தைவான் ஆட்டக்காரரே அவரை உட்காரச் சொன்னார். ஆட்டம் தொடர்ந்தது. அடுத்த சுற்றில் மணிலாக்காரர் சுலபமான ஒரு பந்தைத் தவறவிட்டார். கோப்பை தைவானுக்குத்தான் போனது.

மாடிப்படியில் இறங்கும்போது மணிலாக்காரர் குச்சிப் பெட்டியோடு பின்னால் வந்தார். அக்கா ஒதுங்கி நின்றார். அவரும் நின்றார். போன வருஷம் மணிலாவில் என்று ஆரம்பித்தார். நான்தான் மொழிபெயர்த்தேன். "குச்சி ரெண்டு தடவை பட்டதா என்று எனக்கே தெரியாது. என் கை அப்படி நடுங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். உங்களுக்காவது தெரிந்திருக்கிறதே என்று போய் உட்கார்ந்தேன்" என்றார். தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அக்கா அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். "அவனுக்கும் தெரியலையா" என்றார். கொஞ்சம் கழித்து, "பாவம், அவனும் ஒரு வருசமா இதையே நினைச்சிக்கிட்டு இருந்திருக்கான் பாரு" என்றார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். முகத்தைத் துண்டில் மறைத்துக்கொண்டார். பிறகு பசிக்கிறது என்றார். அந்தப் பயணத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வெளியே ஒரு கடையில் நூடுல்ஸ் சூப் வாங்கி, காரம் போதாது என்று குறை சொல்லிக்கொண்டே முழுவதும் சாப்பிட்டார்.

அதன் பிறகு தீர்ப்பு சரியா தவறா என்று அவர் பேசியதே இல்லை. உறக்கம் வந்ததா என்று கேட்டால், வருகிறது என்பார். நான் நம்பினேன். கால் வீக்கத்தை நிற்கிற வேலையால் வந்தது என்று எல்லாரும் நினைத்தோம். சிறுநீரகம் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, மணிலாவுக்கு இந்த முறை மேசை நடுவராக என் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவருக்குப் பதிலாக என்று சொல்லவில்லை; அவருக்குத் தெரியும். எனக்கு இப்போதே கை நடுங்குகிறது அக்கா என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "நடுங்கட்டும். யாரும் கையைப் பாக்க மாட்டாவ. நீ பாத்ததைச் சொல்லிட்டு வா" என்றார்.

பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் அவரை அஞ்சாதவர் என்றார்கள். அஞ்சா நெஞ்சம் என்று பதாகையிலும் அடித்திருந்தார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து மறுக்கத் தைரியம் வரவில்லை. அதனால் அவரை அறிந்த உங்களுக்கு இங்கே சொல்கிறேன். பேச்சியக்கா பயந்தவர். மேசையருகே நின்ற ஒவ்வொரு நாளும் பயந்தார். தான் தவறாகச் சொன்னால் அங்கே ஒருவனுடைய வருஷக்கணக்கான உழைப்பு போய்விடும் என்று தெரிந்ததால் பயந்தார். பயந்துகொண்டே குனிந்து பார்த்தார், பயந்துகொண்டே சொன்னார். அவருடைய நிதானமோ காதோ எனக்கு வராது. அவர் பயம் எனக்கு வந்திருக்கிறது. அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.