பகலில் எரிந்த லைட்

எங்களிடம் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சின்னக் கார் ஒன்று இருந்தது. இன்ஜின் ஓடினாலே, பட்டப்பகலிலும் முன்விளக்கு எரியும். அணைக்க சுவிட்ச் கிடையாது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு அதில்தான் வேலைக்குப் போவேன். வழியில் என் மனைவி எஸ்தரை அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவேன். எதிரே வருகிறவர்கள் எல்லாம் விரல்களைக் குவித்து விரித்து, லைட் எரிகிறது என்று சைகை காட்டுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். எஸ்தரோ ஜன்னல் வழியே கையை நீட்டி, அதேபோல விரித்துக் காட்டிச் சிரிப்பாள்.

“வயர அத்து விட்டுரட்டுமா?” என்று கேட்டால், “முகந்தெரியாத மனுசங்க அம்புட்டுப் பேரும் நமக்காகக் கையத் தூக்குதாக. எரிஞ்சுட்டுப் போவுது, விடுங்க” என்பாள்.

மஞ்சள் காமாலையில் எஸ்தர் போய்விட்டாள். அடக்கம் முடிந்து நான் வேலைக்குக் கிளம்பிய முதல் நாளும் எல்லோரும் கை காட்டினார்கள். பக்கத்து சீட் காலியாக இருந்தது. பஸ் டிரைவர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, “அண்ணாச்சி, லைட் எரியுது!” என்று கத்தினார். எனக்கு அழுகைகூட வரவில்லை. வண்டியைத் திருப்பி நேராக எலக்ட்ரீசியனிடம் போய், “வெட்டி விட்டுருப்பா” என்றேன்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை ஒருவரும் கையைத் தூக்கவில்லை. ஊருக்குள் நுழையும்போது எதிரே ஒரு சைக்கிள்காரர் வந்தார். என் கை தானாக ஜன்னலுக்கு வெளியே போய் விரல்களை விரித்தது.

அவர் ஒன்றும் புரியாமல் குனிந்து தன் டைனமோ லைட்டைப் பார்த்தார். எஸ்தர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.