அண்ணிக்கு மட்டும் வரும் பணம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம். முடித்துவிட்டு, செஞ்சியில் இருந்தபடியே போனில் லைவ் போட்டுப் புடவை விற்கத் தொடங்கியவளும் நான்தான். என்னைப் பார்த்து என் அண்ணி அடுத்த அறையில் நைட்டி விற்கத் தொடங்கினாள். நடுவில் ஒரு சுவர்தான். அவள் சிரிப்பு என் லைவிலும் கேட்கும்.

பொருள் பிடித்தவர்கள் 'புக்' என்று எழுதுவார்கள். அவர்களுக்கென்று எடுத்து வைத்துவிடுவோம். பாதிப் பேர் அதற்குப் பிறகு பணம் போடுவதில்லை. மேல்மலையனூர் அக்கா ஒருவர் என்னிடம் ஒரே நிறத்தில் ஐந்து புடவை புக் செய்தார். குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் அமாவாசைக்கு ஒன்றுபோலக் கட்ட வேண்டுமாம். என் கைப்பணத்தைப் போட்டு ஐந்தையும் வரவழைத்தேன். கேட்ட மற்றவர்களிடம் இல்லை என்றேன். 'தயவுசெய்து இன்று மாலைக்குள் தொகையைச் செலுத்தவும்' என்று தினமும் எழுதினேன். நீல டிக் விழும், பதில் வராது. அமாவாசையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல் கேட்டது. "மலையனூர் அக்கா பணம் போட்டாச்சு. ரெண்டு நைட்டி. எங்க அக்கா சொன்னா சொன்னதுதான்."

அதே அக்கா. எனக்கு வயிறு எரிந்தது. அண்ணி தண்ணீர் குடிக்க வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு மட்டும் எப்படி போடறாங்க?"

"இன்னும் போடல பாப்பா."

"போட்டாச்சுன்னு சொன்னியே?"

"சொன்னேன். அவங்க ஓரகத்தி, நாத்தனாரெல்லாம் லைவ் பாக்குறாங்க. போட்டாச்சுன்னு நாலு பேரு கேட்டப்புறம் போடாம இருப்பாங்களா? மானம் போயிடாது?"

பேசி முடிப்பதற்குள் அவள் போனில் பணம் வந்துவிட்டது.

மறுநாள் நானும் லைவில் சொன்னேன். படித்தவள் அல்லவா, திருத்தமாகவே சொன்னேன். "மேல்மலையனூர் சகோதரி ஐந்து புடவைகளுக்கும் முழுத் தொகையைச் செலுத்திவிட்டார். மிக்க நன்றி."

உடனே அந்த அக்காவிடமிருந்து கமென்ட் வந்தது. 'ரொம்ப சந்தோஷம் சிஸ்டர். பார்சல் எப்ப வரும்?' அதன் கீழே அவர் உறவுக்காரிகள் வரிசையாக இதயம் போட்டார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. பிறகு அண்ணி கதவில் சாய்ந்து நின்று, "இன்னா பாப்பா, பார்சல் கட்டட்டுமா? பணம் வாங்கிட்டு ரசீது குடுத்த மாதிரியே சொல்லிட்டியே" என்றாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஐந்து புடவையும் போய்விடும். மறுபடி லைவ் போட்டேன். "நான் சொன்னது தப்பு. பணம் வரல. அஞ்சும் விக்கத்தான் இருக்குது." திருத்தமான தமிழ் அப்போது வரவில்லை. யாரும் இதயம் போடவில்லை. அந்த அக்கா என் குரூப்பை விட்டே போனார். சிங்கவரத்திலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்து, கையில் பணம் கொடுத்து இரண்டு வாங்கிப் போனாள்.

மூன்று மிஞ்சின. அண்ணி வந்து ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தாள். பேரம் பேசவில்லை, கேட்ட விலையை அங்கேயே என் போனுக்கு அனுப்பினாள்.

அமாவாசையன்று அதைக் கட்டிக்கொண்டு மேல்மலையனூர் கோயிலுக்குக் கிளம்பினாள். வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். நிறம் எடுப்பாக இருக்கிறது என்று நைனா சொன்னார். நானும் பார்த்தேன். நான் தேடித்தேடி எடுத்த நிறம் அது. அவளுக்கு அவ்வளவு பொருந்தியிருக்க வேண்டாம்.