அமாவாசைச் சோறு

மாடு புல் தின்னும் என்பதை ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்களிடம் பால் வாங்கியவர்களுக்கு மட்டும் அது கடைசிவரை உறைக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில், அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகும் வழியில் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா இறந்த பிறகு எங்களுக்கென்று மிஞ்சியது ஒரு பசு. அதன் மடியை நம்பித்தான் அம்மா உலை வைத்தாள். காவிரிக்கரைப் புல், வைக்கோல், கொஞ்சம் தவிடு. அதற்குமேல் அது எதுவும் கேட்டதில்லை.

அமாவாசை வந்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். தர்ப்பணம் முடித்தவர்கள் பசுவுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். அகத்திக்கீரையோடு நிறுத்தியிருந்தால் பாதகமில்லை. கீரை கிடைக்காதவர்கள் சோறும் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுவருவார்கள். ஆடோ மாடோ, அசை போடுகிற வயிற்றுக்குத் தழைதான் வேண்டும். சோறு குவிந்தால் உள்ளே புளித்துப்போகும். அம்மா வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தாள்.

“கீரை போடுங்க மாமி, புண்ணியமாப் போகும். சோறு மட்டும் வேணாங்க, வயிறு உப்பிடும்.”

“கோமாதாவுக்குப் போடறதைத் தடுக்காதேடி, பாவம்” என்றார், தினமும் எங்களிடம் பால் வாங்கும் ஒரு மாமி. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று ஊருக்கு உபதேசம் செய்கிற வீடு அது.

அந்த ஆடி அமாவாசையன்று அம்மா மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டவே இல்லை. கொட்டிலில் கட்டிவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு பால் ஊற்றப் போனாள். திரும்பி வந்தால் முளையைச் சுற்றிலும் சோறு ஒட்டிய வாழை இலைகள். தேடி வந்து போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் மாட்டின் இடது விலா தவில் மாதிரி உப்பிவிட்டது. மூங்கில் குழாயில் நல்லெண்ணெய் புகட்டினோம். திருச்சியிலிருந்து மாட்டு டாக்டர் பாலத்தைத் தாண்டி வருவதற்குள் அது காலை நீட்டிவிட்டது. அம்மா அழவில்லை. கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மாமி வந்து பார்த்தார். “அமாவாசையில போயிருக்கு, என்ன புண்ணியம் பண்ணித்தோ! நேரே வைகுண்டம்தான்” என்றார். அடுத்த மூச்சிலேயே, “நாளைக்குப் பாலுக்கு என்னடி பண்றது?” என்றார்.



பெட்டியில் கிடந்த தோட்டை விற்று அம்மா ஓர் எருமை வாங்கினாள். எருமைப் பாலா என்று முகம் சுளித்தவர்களை விட்டுவிட்டு டீக்கடைகளுக்கு ஊற்றினாள். அதுவும் அதே கரைப் புல்லைத்தான் தின்றது, அதே மாதிரி அசை போட்டது. யாரும் அதைத் தொட்டுக் கும்பிடவில்லை. நோய்நொடி இல்லாமல் இருந்தது.

அடுத்த ஆடி அமாவாசைக்கு மாமி இலை நிறையச் சோற்றோடு வந்துவிட்டார். கொட்டிலில் கறுப்பாக நின்றதைப் பார்த்ததும் தயங்கினார்.

“பசு வாங்கலையா? எருமைக்குப் போய் எப்படிடி போடறது?”

“போடாதீங்க மாமி” என்றாள் அம்மா. “இது எங்களுக்கு உயிரோட வேணும்.”